கண்ணீர் செல்லும் வழி: கஹ்ஹால்களின் காலம் முதல் இன்றைய அறுவை சிகிச்சை வரை

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.

கண்ணீர் என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை இரண்டு: துயரமும் இறையச்சமும். அருமை மகன் இப்ராஹீம் மறைந்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருக்கண்கள் நீர் சொரிந்தன என்பதையும், அக்கண்ணீரை அவர்கள் அருள் என்றே சொன்னார்கள் என்பதையும் நாம் அறிவோம். ஆயினும் அழாத வேளையிலும் நம் கண்ணில் நீர் ஊறிக்கொண்டே இருக்கிறது. கண்ணைக் கழுவிவிட்டு வந்த சுவடு தெரியாமல் சென்றுகொண்டே இருக்கிறது. அது செல்லும் வழி அடைபடும்போதுதான் அப்படியொரு வழி இருப்பதே நமக்குத் தெரிய வருகிறது.

கண்ணீர்ப் பாதையில் அடைப்பு இருக்கிறது, அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்று மருத்துவர் கூறியவுடன் நம்மவர்களிடம் மூன்று வினாக்கள் எழுகின்றன. அறுத்தால் கண் வறண்டுவிடுமா, பின்னர் துஆவில் அழவும் இயலாமற் போகுமா என்பது முதலாவது. ஓயாமல் வழியும் நீருடன் உளூ நிற்குமா என்பது இரண்டாவது. கண்ணில் விட்ட மருந்து தொண்டையில் கசக்கிறதே, நோன்பு என்னாவது என்பது மூன்றாவது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றும் இம்மூன்றுக்கும் விடை, கண்ணுக்கும் மூக்குக்கும் இடையே அல்லாஹ் அமைத்திருக்கும் ஒரு சிறு வாய்க்காலில் இருக்கிறது. அவ்வாய்க்காலை மனிதர் அறிந்துகொண்ட வரலாறே இக்கட்டுரை.

ஊற்றும் வடிகாலும்

வரலாற்றுக்குள் நுழையுமுன் அமைப்பைச் சற்று விளங்கிக்கொள்வோம். ஓர் ஏரியை எண்ணிப் பாருங்கள். அதற்கு நீர்வரத்து ஒரு பக்கம். மிகுந்த நீர் வெளியேறும் கலங்கு மறுபக்கம். கண்ணும் அவ்வாறே. கண்ணீரைச் சுரக்கும் முதன்மைச் சுரப்பி, கண்குழியின் மேற்புறத்தில் காதை நோக்கிய பக்கம் அமைந்துள்ளது. இமைகளின் உட்பக்கத்தில் சிறு சுரப்பிகள் பல உள்ளன. இமை விளிம்பிலுள்ள சுரப்பிகள் மெல்லிய எண்ணெயைத் தருகின்றன. வெண்விழியை மூடிய சவ்விலுள்ள நுண்செல்கள் வழவழப்பான சளிப்பொருளைத் தருகின்றன. இம்மூன்றும் கலந்ததே கண்ணின் மேற்பரப்பைப் போர்த்தியிருக்கும் கண்ணீர்ப் படலம். அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பகுத்தால் ஏறத்தாழ 3 பங்கு. ஒரு கண்ணில் ஒரு நேரத்தில் இருக்கும் கண்ணீர் முழுவதையும் சேர்த்தாலும், ஒரு மில்லிலிட்டரின் ஆயிரத்தில் ஏறக்குறைய 7 பங்குதான். இவ்வளவு சிறிய ஈரம் இல்லையெனில் கருவிழி தெளிவை இழக்கும், பார்வை மங்கும்.

வடிகாலோ நேர் எதிர்ப்பக்கத்தில், மூக்கை ஒட்டிய உள்மூலையில் இருக்கிறது. மேலிமையிலும் கீழிமையிலும் அவ்விடத்தில் ஊசிமுனை அளவில் ஒவ்வொரு துளை உண்டு. அவற்றிலிருந்து தொடங்கும் நுண்குழாய்கள் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் சென்று கண்ணீர்ப் பையில் சேர்கின்றன. அங்கிருந்து ஒரு நாளம் எலும்புக்குள்ளே இறங்கி மூக்கினுள் திறக்கிறது. ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் இமைத் தசை இந்தப் பாதையை அழுத்தியும் தளர்த்தியும் நீரை இறைத்துத் தள்ளுகிறது. அழும்போது மூக்கும் சேர்ந்து ஒழுகுவதன் காரணம் இதுவே.

ஊற்று ஒரு பக்கம், வடிகால் மறுபக்கம் என்பதை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். இதை அறியாதிருந்த காலத்தில் செய்யப்பட்ட சிகிச்சைகளையும் அறிந்த பின்னர் வந்தவற்றையும் பிரித்துக் காட்டுவது இந்த ஒரு செய்திதான்.

பக்தாதின் கண் மருத்துவர்கள்

கண்ணின் உள்மூலையில் வீங்கிச் சீழ் பிடித்து, நாளடைவில் தோலில் ஓட்டை விழுந்து ஒழுகும் நோயை அரபு மருத்துவர்கள் 'கரப்' என்று அழைத்தனர். கண்ணீர்ப் பையின் அழற்சி என்று இன்று நாம் கூறுவது பெரும்பாலும் அதுவே. கிரேக்க மருத்துவர்களும் இதை அறிந்திருந்தனர். கண்ணின் மூலையிலிருந்து மூக்குக்கு வழி உண்டு என்பதை கேலன் எழுதியிருக்கிறார். கண்ணில் இட்ட மருந்து சற்று நேரத்தில் மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ வெளிப்படுவதை அவர் அதற்குச் சான்றாகக் காட்டினார்.

அந்நூல்களை அரபுக்குக் கொண்டுவந்தவர்களில் தலையாயவர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக். கி.பி. 873 அளவில் மறைந்த இவர் ஒரு நஸ்ரானி. அப்பாஸிய கலீஃபாக்களின் ஆதரவில் பக்தாதில் பணியாற்றினார். கண் குறித்து இவர் எழுதிய பத்துக் கட்டுரைகள் பின்வந்த அனைவருக்கும் அடித்தளமாயின. இஸ்லாமிய நாகரிகத்தின் மருத்துவம் என்று நாம் பெருமையுடன் கூறுவது முஸ்லிம்கள் மட்டும் தனித்து எழுப்பிய கட்டடம் அன்று. அறிவை எங்கிருந்தாலும் பெற்றுக்கொண்டு, பெற்றதைச் சோதித்து வளர்த்த ஒரு சமூகத்தின் உழைப்பு அது.

கண் மருத்துவரை அரபியில் 'கஹ்ஹால்' என்பர். சுர்மாவைக் குறிக்கும் 'குஹ்ல்' என்ற சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. இவர்களை அரசு கண்காணித்தது என்பது கவனிக்கத்தக்கது. கடைத்தெருவின் எடைக்கற்களைச் சோதித்த முஹ்தஸிப் என்னும் அதிகாரியே கஹ்ஹால்களையும் சோதித்தார். கி.பி. 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அஷ்ஷைஸரீயின் ஹிஸ்பா நூல், ஹுனைனின் பத்துக் கட்டுரைகளைக் கொண்டு அவர்களைத் தேர்வு செய்ய வேண்டும் என்று வகுக்கிறது. கண்ணின் அடுக்குகளையும் நோய்களின் கிளைகளையும் மருந்துகளின் சேர்க்கையையும் அறியாதவன் மக்களின் கண்ணில் கை வைக்கக் கூடாது என்பது அன்றைய நெறி.

கி.பி. 1000-ஆம் ஆண்டை ஒட்டி பக்தாதில் வாழ்ந்த அலீ இப்னு ஈஸா எழுதிய 'தத்கிரத்துல் கஹ்ஹாலீன்' அத்துறையின் பாடநூலாகவே விளங்கியது. சுமார் 130 கண் நோய்களை விவரிக்கும் அந்நூல் லத்தீன் மொழிக்கும் சென்றது. அம்மரபின் நூல்கள் கண்ணின் உள்மூலையில் வரும் நோய்களை மூன்றாக வகுத்தன. ஒன்று, மேலே கூறிய கரப். இரண்டாவது 'குத்தா', அதாவது மூலையிலுள்ள சிறு செந்நிறச் சதை பெருத்துவிடுவது. மூன்றாவது 'ஸயலான்'; அச்சதை குறைந்துபோய்க் கண்ணீர் ஓயாமல் வழிவது.

மூன்றாவது நோய்க்கு அவர்கள் கூறிய காரணம்தான் நம்மை நிறுத்திச் சிந்திக்க வைக்கிறது. கண்ணில் சதை வளர்ந்து கருவிழியின் மேல் படரும் நோயையோ, மூலைச் சதையின் பெருக்கத்தையோ நீக்கும்போது, மருத்துவர் அளவு மீறி வெட்டிவிட்டால் கண்ணீர் வழிவது நிலைத்துவிடும் என்றனர். சதை முற்றிலும் அழிந்துவிட்டால் அது திரும்பாது என்றும் எச்சரித்தனர். கிரேக்கரிடமிருந்து வந்து அரபு நூல்களில் வேரூன்றிய எச்சரிக்கை இது. அணைபோல அச்சதைதான் கண்ணீரைத் தடுத்து நிறுத்துகிறது என்று அவர்கள் எண்ணினார்கள். இன்றைய அறிவின்படி, அச்சதைக்கு அருகிலுள்ள துளைகளும் நுண்குழாய்களும் வெட்டுப்பட்டுத் தழும்பாவதே முக்கியக் காரணமாக இருந்திருக்கும். விளக்கம் முழுமை பெறவில்லை. ஆனால் கண்டது உண்மை. நோயை நீக்கச் சென்ற கத்தியே வேறொரு நோயைத் தரக்கூடும் என்பதைத் தம் மாணவர்களுக்கு எழுதி வைத்த நேர்மை அவர்களிடம் இருந்தது.

குர்துபாவின் அறுவை மருத்துவர்

பக்தாதிலிருந்து மேற்கே வெகுதொலைவில், அந்தலூஸின் தலைநகரான குர்துபாவை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவில், அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி (936–1013) வாழ்ந்தார். 'அத்தஸ்ரீஃப்' என்னும் அவருடைய பெருநூல் 30 பகுதிகளைக் கொண்டது. இறுதிப் பகுதி அறுவை மருத்துவத்தைப் பற்றியது. கருவிகளின் படங்களையும் உடையது. 12-ஆம் நூற்றாண்டில் தொலேதோ நகரில் ஜெரார்டு அதனை லத்தீனில் பெயர்த்தார்.

கண் மூலைப் புண்ணுக்கு அஸ்ஸஹ்ராவி முதலில் கூறுவது காய்ச்சிய இரும்பால் சூடிடுதல். அக்காலத்தில் ஆறாத புண்ணுக்கெல்லாம் அதுவே இறுதி மருந்தாக இருந்தது. புண்ணைப் பிளந்து சிறு புனல் வைத்து உருக்கிய ஈயத்தை ஊற்றும் முறையையும் முன்னோர் வழக்கம் என்று குறிப்பிடுகிறார். படிக்கும்போதே உடல் நடுங்குகிறது. சூடு பட்ட இடம் கருகும்; புண் ஆறும்; ஆனால் கண்ணீர்ப் பையும் நாளமும் சேர்ந்து கருகிவிடும். சீழ் நின்றாலும் கண்ணீர் நிற்காது. செல்லும் வழியே அழிந்த பின் அது கன்னத்தில் வழிவதைத் தவிர வேறென்ன செய்யும்?

ஆயினும் அவர் அத்துடன் நின்றுவிடவில்லை. புண்ணைத் திறந்து, சீழை அகற்றி, எலும்பு கெட்டிருந்தால் சுரண்டித் தூய்மை செய்ய வேண்டும் என்கிறார். அதனாலும் ஆறாவிட்டால், முக்கோண முனையுடைய துளைப்பான் ஒன்றால் மூக்கெலும்பைத் துளைத்து மூக்கினுள் வழி திறக்க வேண்டும் என்று வழிகாட்டுகிறார். துளை சரியாக விழுந்ததா என்பதை அறிய, நோயாளி கையால் மூக்கைப் பிடித்துக்கொள்ளும்போது அத்துளை வழியாகக் காற்று வருகிறதா என்று பார்க்கச் சொல்கிறார்.

இதைப் படிக்கும் நம் சகோதரர்களில் சிலர், இன்றைய கண்ணீர்ப் பை அறுவை சிகிச்சையை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே முஸ்லிம்கள் கண்டுபிடித்துவிட்டனர் என்று எழுதிவிடுவர். அவ்வாறு கூறுவது அஸ்ஸஹ்ராவிக்குச் செய்யும் நீதி ஆகாது. அவருடைய நோக்கம் சீழ் வடிந்து புண் ஆறுவது; கண்ணீர் இயல்பாகச் செல்லும் வழியை மீட்பது அன்று. துளைத்த எலும்பின் வழி மூடிவிடாமல் நிலைத்திருக்க, பையின் உட்சவ்வையும் மூக்கின் உட்சவ்வையும் இணைக்க வேண்டும் என்பதை அவர் காலம் அறியாது. ஆனால் அடைபட்டதை மூக்கின் பக்கமே திறந்துவிட வேண்டும் என்ற திசையை அவர் தெளிவாகக் கண்டிருந்தார். உள்ளதை உள்ளவாறு கூறினாலே நம் முன்னோரின் மதிப்பு போதுமான அளவு உயர்ந்தது. மிகைப்படுத்தல் அதற்குத் தேவையில்லை.

சூட்டுக்கோல் ஓய்ந்த கதை

கண்ணீர் மூளையிலிருந்து வடிகிறது என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. 1662-இல் டென்மார்க்கைச் சேர்ந்த நீல்ஸ் ஸ்டென்சன், கண்ணீரைத் தருபவை சுரப்பிகளே என்றும் அது கண்ணை ஈரப்படுத்தவே சுரக்கிறது என்றும் உடற்கூற்றின் வழி எடுத்துக்காட்டினார். ஊற்று எது, வடிகால் எது என்பது அதன் பின்னரே தெளிவாகப் பிரிந்தது.

1702-இல் ஜெர்மானிய மருத்துவர் ஸ்டால், மூலையில் விழும் ஓட்டை நோயன்று, உள்ளே நாளம் அடைபட்டதன் விளைவே என்று விளக்கினார். இது பெரிய திருப்பம். அதுவரை மருத்துவர் புண்ணோடு போராடினார். இனி அடைப்போடு போராட வேண்டும். 1713-இல் தூரின் நகரில் தொமினிக் அனெல் என்னும் பிரெஞ்சு அறுவை மருத்துவர் தம் புதிய முறையை நூலாக வெளியிட்டார். இமையின் இயற்கைத் துளை வழியாக மெல்லிய வெள்ளிக் கம்பியைச் செலுத்துவதும், நுண்ணிய பீச்சுகுழலால் நீரைப் பாய்ச்சுவதும் அம்முறை. தோலை வெட்டவில்லை, சூடிடவில்லை. இன்றும் கண் மருத்துவமனைகளில் அடைப்பு உண்டா என்று அறிய அத்துளை வழியாக நீர் செலுத்திப் பார்க்கின்றனர். நீர் தொண்டைக்கு வந்தால் பாதை திறந்திருக்கிறது. கண்ணுக்கே திரும்பினால் அடைபட்டிருக்கிறது.

1857-இல் லண்டனின் வில்லியம் போமன் நுண்குழாயைப் பிளந்து, அளவு அளவாகத் தடித்த கம்பிகளைச் செலுத்தி நாளத்தை விரிக்கும் முறையைப் பரப்பினார். பலர் அதைப் பின்பற்றினர். ஆனால் நுண்குழாய் வெறும் ஓட்டை அன்று, இமைக்கும்போது நீரை இழுக்கும் கருவி என்பது தெளிவாகத் தெளிவாக, அதைப் பிளப்பதில் மருத்துவர்களுக்குத் தயக்கம் வளர்ந்தது. கண்ணீர்ப் பையையே அகற்றிவிடும் முறையும் நடைமுறையில் இருந்தது. அதனால் சீழ் தொல்லை தீரும். ஆனால் கண்ணீருக்குப் போகுமிடம் இராது.

1904-இல் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் அத்தேயோ தோத்தி என்பவர், பைக்கும் மூக்குக்கும் நடுவிலுள்ள எலும்பில் சாளரம் திறந்து புது வழி அமைக்கும் அறுவையை வெளியிட்டார். இன்று 'டி.சி.ஆர்.' என்று சுருக்கமாக அழைக்கப்படுவது அதன் வழித்தோன்றலே. 1921-இல் பிரான்சின் துபுய்-துதாம், பூர்கே ஆகிய இருவர் பையின் சவ்வையும் மூக்கின் சவ்வையும் தைத்து இணைத்தனர். திறந்த வழி மூடிப்போகும் குறை பெரிதும் நீங்கியது. மூக்கின் உள்ளிருந்தே இதைச் செய்யலாம் என்று அமெரிக்காவின் கால்டுவெல் 1893-லேயே கூறியிருந்தார். அகநோக்கிக் கருவி வந்தபின், 1989-இல் மெக்டோனா, மெய்ரிங் ஆகியோர் அதனைப் புதுவழியில் நடைமுறைப்படுத்தினர். முகத்தில் தழும்பின்றியே இன்று பலருக்கு அவ்வாறு செய்யப்படுகிறது.

சூட்டுக்கோலில் தொடங்கி அகநோக்கி வரை வந்த இந்நெடும் பயணத்தில் ஒரே பாடம் மீண்டும் மீண்டும் எழுதப்பட்டிருக்கிறது. பாதையை அழித்தவர்களிடம் நோய் வேறு உருவில் திரும்பியது. பாதையைத் திறந்தவர்களிடம் கண் தன் இயல்புக்கு மீண்டது.

அறுவைக்குப் பின் கண்ணுக்கு என்ன நேர்கிறது?

இப்போது முதல் வினாவுக்கு விடை எளிது. டி.சி.ஆர். அறுவை நடப்பது வடிகாலில், ஊற்றில் அன்று. கண்ணீர்ச் சுரப்பியை மருத்துவர் தொடுவதே இல்லை. எனவே சுரப்பு நின்றுவிடாது. அழுகையின்போது வரும் கண்ணீர், மூளையின் கட்டளையை நரம்பு கொண்டுவர, முதன்மைச் சுரப்பி பொழிவது. அந்த நரம்பும் சுரப்பியும் அப்படியே இருக்கின்றன. தஹஜ்ஜுதில் அழுதவர் அறுவைக்குப் பின்னும் அழலாம்.

மாறுவது வேறு. அடைபட்ட கண்ணில் நீர் தேங்குகிறது. தேங்கிய குளத்து நீரைப் போலவே அதில் அழுக்கும் கிருமியும் அழற்சிப் பொருள்களும் தங்குகின்றன. காலையில் இமை ஒட்டிக்கொள்வதும், வெண்விழி சிவப்பதும், எழுத்து கலங்கித் தெரிவதும் அதனால்தான். வழி திறந்தபின் பழைய நீர் செல்கிறது. புதிய நீர் வருகிறது. கீழிமையின் ஓரத்தில் தேங்கி நின்ற நீரின் மட்டம் இறங்குகிறது. கண்ணின் மேற்பரப்பு தெளிகிறது.

பைக்குள் கிருமி தங்கியிருப்பது கருவிழிக்கும் ஆபத்து. நெல் உமியோ வைக்கோல் துரும்போ பட்டுக் கருவிழியில் சிறு கீறல் விழுந்தால்கூட, பையிலிருந்து வரும் கிருமி அங்கே குடியேறி ஆழ்ந்த புண்ணாக்கிவிடும், பார்வையே போகலாம். கண்புரை அறுவைக்கு முன் கண்ணீர்ப் பாதையைச் சோதிப்பதும் இதனாலேயே. பையில் சீழ் இருக்கும்போது கண்ணைத் திறந்தால் கிருமி கண்ணுக்குள்ளேயே புகக்கூடும். எனவே, வெறும் நீர்தானே வழிகிறது என்று ஆண்டுக்கணக்கில் துடைத்துக்கொண்டிருப்பது அறிவுடைமை ஆகாது.

ஒரு சிலருக்கு மட்டும் அறுவைக்குப் பின் கண்ணில் மணல் விழுந்தாற்போன்ற உறுத்தல் தோன்றுகிறது. வரத்து குறைந்த ஏரியில் கலங்கை அடைத்து வைத்திருந்தால் ஏரி நிறைந்தது போலத் தோன்றும். திறந்துவிட்டால்தான் வரத்தின் குறை தெரியும். முன்பே கண்ணீர் குறைவாகச் சுரந்தவர்களின் நிலை அதுதான். அடைப்பு அவர்களுடைய வறட்சியை மறைத்து வைத்திருந்தது. முதியோரிடமும் மாதவிடாய் நின்ற பெண்களிடமும் இது கூடுதல். பாதை அடைப்பும் அவர்களிடமே மிகுதியாகக் காணப்படுவதால் இதனை முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஈரமூட்டும் சொட்டு மருந்தே அதற்குப் போதுமானது.

இதற்கு எதிரான நிலையும் உண்டு. சிலருக்குக் கண் வழிவதன் காரணமே வறட்சிதான்! மேற்பரப்பு காய்ந்து உறுத்த, அதை ஆற்றச் சுரப்பி நீரைக் கொட்டுகிறது. பாதை திறந்தே இருக்கும் இவர்களுக்கு அறுவை பயன் தராது. ஆகவே நல்ல மருத்துவர் கத்தியை எடுக்கும் முன் நீர் செலுத்திப் பார்ப்பார். இமை விளிம்பில் சிறு தாள் வைத்து 5 நிமிடத்தில் எவ்வளவு நனைகிறது என்று அளப்பார். 1903-இல் ஜெர்மானியர் ஷிர்மர் வகுத்த சோதனை இது. முகவாதத்தால் இமைத் தசை தளர்ந்தவர்களுக்கு, புது வழி திறந்தும் நீர் ஓரளவு வழியலாம். இறைக்கும் ஆள் இல்லாத கிணறு போன்றது அது. பையை முழுவதும் அகற்றும் அறுவை இன்றும் சில முதியோருக்குச் செய்யப்படுகிறது. கிருமி தொல்லை ஒழியும், நீர் வழிவது ஓரளவு தொடரும் என்பதை அவர்கள் முன்னரே அறிந்துகொள்ள வேண்டும்.

பிறந்த குழந்தையின் கண் வழிந்தால் தாய்மார் அஞ்ச வேண்டியதில்லை. நாளத்தின் முனையிலுள்ள மெல்லிய சவ்வு பெரும்பாலான குழந்தைகளுக்கு ஓராண்டுக்குள் தானே திறந்துகொள்ளும். மருத்துவர் கற்றுத் தரும் முறையில் மூலையை மென்மையாக அழுத்தி வருவது அதற்குத் துணைபுரியும்.

கிதாபுகளில் இந்த வாய்க்கால்

மருத்துவமும் மார்க்கச் சட்டமும் ஒரே மனிதரிடம் குடியிருந்த காலம் உண்டு. நுரையீரல் வழியாகச் செல்லும் குருதி ஓட்டத்தை விளக்கிய இப்னுன் நஃபீஸ் (மறைவு 1288) கண் மருத்துவத்துக்கென்றே ஒரு நூல் எழுதினார். அவரே கெய்ரோவில் ஷாஃபிஈ ஃபிக்ஹும் போதித்தார். கண்ணைப் பற்றிய வினா அன்று மருத்துவமனையிலிருந்து மதரஸாவுக்கு எளிதில் நடந்து வந்தது.

உளூவை எடுத்துக்கொள்வோம். ஷாஃபிஈ மத்ஹபில், முன் பின் வழிகள் அல்லாத இடத்திலிருந்து வெளிப்படுவது உளூவை முறிக்காது. எனினும் சீழ் அசுத்தம் என்பதால் கழுவ வேண்டும். ஹனஃபி மத்ஹபில், நோயினால் வெளியேறி வழியும் சீழும் புண்ணின் நீரும் உளூவை முறிக்கும். நோயின்றி வரும் தெளிந்த கண்ணீர் முறிக்காது. ஒரு தொழுகை நேரம் முழுவதும் ஓயாமல் சீழ் வழிபவர் 'மஃதூர்', அதாவது தக்க காரணமுடையவர். அவர் ஒவ்வொரு தொழுகை நேரத்துக்கும் ஓர் உளூ செய்து தொழலாம். தம்முடையது எந்த வகை என்று ஐயமுள்ளோர், மருத்துவரின் சொல்லை எடுத்துக்கொண்டு தம் ஊர் ஆலிமிடம் செல்வது நலம்.

நோன்பைப் பற்றிய உரையாடல் இன்னும் சுவையானது. நம் மதரஸாக்களில் ஓதப்படும் 'அல்ஹிதாயா'வில், சுர்மா இடுவதால் நோன்பு முறியாது என்பதற்குக் கண்ணிலிருந்து உள்ளே செல்லும் திறந்த வழி இல்லை என்பது காரணமாகக் காட்டப்படுகிறது. தொண்டையில் சுவை தெரிவதை, நுண்துளைகள் வழியே கசிந்ததன் அடையாளம் என்று பிற்கால ஹனஃபி அறிஞர் இப்னு ஆபிதீன் (ரஹ்) விளக்கினார். ஷாஃபிஈகளும் முறியாது என்றே கூறினர். சுவை தொண்டையை எட்டினால் முறியும் என்பது மாலிகி, ஹன்பலி அறிஞர்களின் கருத்து. இன்று அவ்வழி உண்மையிலேயே இருப்பதை உடற்கூறு காட்டுகிறது. ஆயினும் கண் கொள்ளும் அளவே மிகச் சிறிது. ஒரு சொட்டின் பெரும்பகுதி கன்னத்தில் வழிந்துவிடுகிறது. 1997-இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, மருத்துவர்களின் விளக்கத்தையும் கேட்டு, கண் சொட்டு மருந்து நோன்பை முறிக்காது என்று தீர்மானித்தது. தொண்டைக்கு வந்ததை விழுங்காமல் தவிர்க்க வேண்டும் என்ற நிபந்தனையையும் வைத்தது. மருந்து விட்டவுடன் கண்ணை மூடி உள்மூலையைச் சில நிமிடங்கள் விரலால் அழுத்திக்கொண்டால், தொண்டைக்குச் செல்வது குறையும். மருந்தும் கண்ணிலேயே தங்கிப் பயன் தரும். அறுவையால் வழி அகன்றவர்களுக்கு இது இன்னும் தேவை.

அறுவை முடிந்தவர்களுக்கு ஒரு குறிப்பு. முதல் ஓரிரு வாரங்கள் மூக்கை வேகமாகச் சிந்தக் கூடாது என்று மருத்துவர்கள் தடுப்பர். குருதி கசியலாம், புதிய வழியாகக் காற்று கண்ணைச் சுற்றிய திசுக்களுக்குள் ஏறி வீங்கலாம். உளூவில் மூக்குக்கு நீர் செலுத்திச் சிந்துவது சுன்னத். தீங்கு நேரும் என்னும்போது அதை விடலாம். குளிப்பில் அதைக் கடமையாகக் கொள்ளும் ஹனஃபிகளுக்கும் நோயின் காரணத்தால் சலுகை உண்டு. நோன்பாளி மூக்கில் நீரை ஆழமாக இழுக்க வேண்டாம் என்று நபிகளார் (ஸல்) கற்பித்திருப்பதை நாம் அறிவோம். குனியக் கூடாது என்று மருத்துவர் கூறினால், ஸுஜூதைச் சைகையால் நிறைவேற்றித் தொழலாம். சலுகையை ஏற்பதும் கீழ்ப்படிதலே.

நோயைப் படைத்தவனே மருந்தையும் படைத்தான் என்று நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. அம்மருந்தைத் தேடியவர்களில் பக்தாதின் நஸ்ரானியும் குர்துபாவின் முஸ்லிமும் ஃபுளோரன்ஸின் இத்தாலியரும் இருந்தனர். ஒவ்வொருவரும் சிறிது கண்டார், சிறிது தவறினார், கண்டதைப் பின்வருவோருக்கு எழுதி வைத்துச் சென்றார். ஆயிரத்தில் ஏழு பங்கு நீரையும் அது செல்ல ஒரு வழியையும் இமைக்கு இமை காத்துவரும் இறைவனுக்கு நன்றி செலுத்தாதிருக்க இயலுமா?

வல்ல அல்லாஹ் நம் கண்களுக்கு நலத்தையும், அவனை நினைந்து நனையும் பேற்றையும் அருள்வானாக. ஆமீன்.